ஒரே பிரசங்கம், மூன்று விதமான காது

ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்குக் கிடைப்பது 25 நிமிடம். முன்வரிசையில் நாலு தலைமுறையாகச் சபையில் இருக்கும் குடும்பம். நடுவில் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகள், அதாவது குழந்தையில் ஞானஸ்நானம் பெற்று, இப்போது தங்கள் விசுவாசத்தைத் தாங்களே உறுதிசெய்ய ஆயத்தமாகிறவர்கள். பின்வாசல் ஓரமாக, கழற்றிவிட்ட செருப்பு கண்ணில் படும் தூரத்தில், போன மாதம் வரத் தொடங்கியவர்.

யோவான் சுவிசேஷத்தின் 3-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இயேசு நிக்கொதேமு என்ற யூதத் தலைவனிடம் சொல்லும் 'மறுபடியும் பிறக்கவேண்டும்' என்பது முன்வரிசைக்குக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த வசனம். புதியவர் காதிலோ அது மறுபிறவி என்று விழுகிறது. பிறவியே வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவரிடம் இன்னொரு பிறவி எடு என்றால் எப்படி? 'பாவம்' என்ற சொல்லும் அப்படித்தான். அவருக்கு அது பாவ புண்ணியக் கணக்கு. வாரா வாரம் கோவிலுக்கு வந்தால் புண்ணியப் பக்கம் ஏறும் என்று நினைத்துக்கொள்வார். சபையில் யாரும் திருத்த மாட்டார்கள், அவர் தவறாமல் வருகிறாரே!

இதற்குத் தனிப் பிரசங்கம் தேவையில்லை. நிக்கொதேமுவே தவறாகப் புரிந்துகொண்டு, தாயின் வயிற்றில் திரும்பவும் நுழையமுடியுமா என்று கேட்கிறான். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் புதியவருக்குத் துணை கிடைக்கும். பழையவருக்கும் வசனம் மறுபடி உறைக்கும். வசனத்தைச் சொன்னவுடன் வாசிக்கத் தொடங்காமல், பக்கம் புரளும் சத்தம் அடங்கும்வரை பொறுக்கவேண்டும். பின்வரிசையில் ஒரே பதிப்பில் பத்து வேதாகமங்கள் வைத்து, அதிகாரத்தோடு பக்க எண்ணையும் சொல்வது நல்லது. எபேசியர் எங்கே இருக்கிறது என்று தேடித் தோற்றவர் அடுத்த வாரம் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்.

ஆனாலும் பிரசங்கம் வகுப்பின் வேலையைச் செய்யாது. ஆதிச் சபையில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் பிரசங்கம்வரை எல்லாரோடும் இருந்துவிட்டு, திருவிருந்துக்கு முன் வெளியேறினார்கள். அவர்களுக்கான உபதேசம் தனியாக நடந்தது. இன்று புதியவர் கையில் வேதாகமத்தைக் கொடுத்து 'ஆதியாகமத்திலிருந்து வாசியுங்கள்' என்றால், யாத்திராகமத்தின் பின்பாதியில், ஆசரிப்புக் கூடார (இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அமைத்த வழிபாட்டுக் கூடாரம்) அளவுகளில் நின்றுபோகும். அதற்குப் பதில் வகுப்பில் மாற்கு சுவிசேஷத்தை வாசிக்கலாம், அது 16 அதிகாரம். வாரம் இரண்டு என்றால் எட்டு வாரம். ஆறேழு பேருக்கு மேல் சேர்க்கக்கூடாது, சேர்த்தால் ஒருவர் மட்டுமே பேசுவார். பிறந்ததிலிருந்தே சபையில் இருப்பவரை இந்த வகுப்பில் உட்காரவைப்பதும் தவறு. அவர் டக்கென்று பதில் சொல்ல, மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

திடப்படுத்தல் வகுப்பு பெரும்பாலும் மனப்பாடம்: விசுவாசப்பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம். ஒப்பிப்பதில் தவறில்லை, நெருக்கடியில் நாவுக்கு வருவது அதுதான். சிக்கல், பேராயர் கைவைத்து ஜெபித்த அன்றோடு வகுப்பும் முடிவது. பிள்ளைகள் அதைப் பட்டமளிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த ஞாயிறே பாடம் வாசிக்கவோ காணிக்கை எடுக்கவோ ஒரு பொறுப்பைக் கையில் கொடுக்கவேண்டும்.

உண்மையில் கடினம் முன்வரிசைதான். எபிரெயர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் 'பால் வேண்டியவர்கள்' என்று கடிந்துகொள்ளப்படுவது புதிதாக வந்தவர்கள் அல்ல, இதற்குள் போதகராயிருக்க வேண்டியவர்கள். மூத்தவர்களுக்கு இன்னொரு வேதபாடம் வைப்பதைவிட, புதியவர் ஒருவரோடு மாற்கு வாசிக்க உட்காரவைக்கலாம். ஒரே நிபந்தனை: கேள்வி வந்தால் சொந்த அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லித் தப்பிக்காமல், 'தெரியாது, ஐயரை (சபைப் போதகரை) கேட்டுவந்து சொல்கிறேன்' என்று சொல்லவேண்டும். பலருக்கு அந்த வாக்கியம் வாயில் வர மூன்று நான்கு வாரம் ஆகிறது.