நாய் உலர் திராட்சையைத் தின்றுவிட்டால்

பாயசத்துக்கு எடுத்து வைத்த உலர் திராட்சைக் கிண்ணம் காலி. நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். திராட்சையால் சிறுநீரகம் கெடுவது வெளியே தெரிய 1 முதல் 3 நாள் ஆகும். அதற்குள் காப்பாற்றும் நேரம் போய்விடும்.

வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு, உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன என்று கேட்பார். எடை தெரியாதா? நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். அளவில் சந்தேகம் இருந்தால் கிண்ணம் முழுவதையும் தின்றதாகவே சொல்லுங்கள். திராட்சையில் இத்தனை வரை பயமில்லை என்று ஒரு கணக்கு கிடையாது.

இந்த நேரத்தில் யாராவது "உப்புத் தண்ணி ஊத்து, கக்கிடும்" என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். வாந்தி வராவிட்டால் அந்த உப்பு ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பில் கொண்டுபோய் விடும். தொண்டைக்குள் விரல் விடுவதும், எண்ணெய் ஊற்றுவதும் ஆபத்துதான். ஹைட்ரஜன் பெராக்சைடு வயிற்றைப் புண்ணாக்கும். மருத்துவமனையில் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள். 2 மணி நேரத்துக்குள் போவது நல்லது. திராட்சை வயிற்றில் நெடுநேரம் தங்கும் என்பதால் தாமதமானாலும் போங்கள். வாந்தியில் திராட்சை உப்பி, பெரும்பாலும் முழுசாகவே கிடக்கும், எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்து வயிற்றில் மிஞ்சிய நஞ்சை உறிஞ்சும் கரி மருந்து கொடுப்பார்கள், சுமார் 48 மணி நேரம் டிரிப்ஸ் ஏற்றுவார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினினை முதல் நாள் பார்ப்பது ஒப்பிடுவதற்குத்தான். அது சரியாக இருக்கிறதே என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். 72 மணி நேரம் வரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

நம் சமையலறையில் புளிக்கும் இதே கவனம் வேண்டும். சிறுநீரகம் கெடுவதற்குத் திராட்சையின் டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021இல் கால்நடை நச்சியல் நிபுணர்கள் சுட்டிக்காட்டினார்கள். புளியில் அந்த அமிலம் ஏராளம். நாய் புளி உருண்டையைத் தின்றாலும் போன் போடுங்கள்.

சாக்லேட்டும் நாய்க்கு விஷம்தான், ஆனால் அதில் கணக்குப் போடலாம். மில்க் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மி.கி. தியோபுரோமின் இருக்கிறது, நாய்க்கு விஷமாவது அதுதான். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. சேர்ந்தாலே வாந்தி, படபடப்பு தொடங்கும். 10 கிலோ நாய்க்கு 100 கிராம் போதும். டார்க் சாக்லேட் என்றால் அதில் கால்பங்கே அந்த வேலையைச் செய்யும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை விழலாம், அதற்குக் கரி மருந்தும் பயன்படாது.

வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் விஷம் போகாது. மிச்சப் பிரியாணியைத் தின்ற நாய் 2 நாள் ஓடியாடிவிட்டு 3, 4ஆம் நாளில் சோர்ந்து படுக்கலாம். ஒரு வாரம் தினமும் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.