ரிபஃப்: முற்றிய இலைக்கு இந்தச் சொல் ஆகாது

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாக்கில் முற்றிய இலை அதிகம், வேண்டாமென்று திருப்பிவிடுகிறார்கள். மறுநாள் சிறு விவசாயிகள் நாலு பேர் போய், கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். "அதெல்லாம் முடியாது, கிளம்புங்க" என்கிறார் மேனேஜர். ஆங்கிலத்தில் சொன்னால், சாக்குக்கு நடந்தது ரிஜெக்ட் (reject). விவசாயிகளுக்குக் கிடைத்ததுதான் ரிபஃப் (rebuff).

அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் 'நிராகரி' என்றுதான் இருக்கும். குழப்பமே அங்கிருந்துதான். ரிபஃப் என்றால் ஒருவர் தாமாக நெருங்கி வந்து எதையாவது கேட்டிருக்க வேண்டும், அல்லது கொடுக்க முன்வந்திருக்க வேண்டும். எதிராளி தயவு தாட்சண்யமின்றி மறுத்திருக்க வேண்டும். இலை வாய் திறந்து கேட்காதே!

சொல்லின் வேரும் இதற்கு ஒத்துவருகிறது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு வழியாக இத்தாலிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இத்தாலியில் 'புஃபோ' என்றால் குப்பென்று வீசும் காற்று. ஜூலை மாதம் நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் குடை விரித்து நடந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எழுதும்போது கடைசியில் இரண்டு எஃப். உச்சரிக்கையில் அழுத்தம் 'பஃப்' மேல். வினையாக வந்தால் பின்னால் ஆஃபர், ரிக்வெஸ்ட், ப்ரொபோசல் மாதிரி ஒரு பெயர்ச்சொல் வரவேண்டும்; மறுக்கப்பட்ட ஆளையே போடுவதும் உண்டு. "தி மேனேஜர் ரிபஃப்டு தேர் ரிக்வெஸ்ட்" சரி. "தி மேனேஜர் ரிபஃப்டு டு பே மோர்" தப்பு. அந்த இடம் ரெஃப்யூஸ்டுக்கு உரியது. நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களும் இங்கே சறுக்குவார்கள். பெயர்ச்சொல்லாக வந்தால் "தே மெட் வித் எ ரிபஃப்".

மேனேஜர் "மன்னிச்சுக்கோங்க, இந்த மாசம் கட்டுப்படியாகாது" என்று பதமாகச் சொல்லியிருந்தால் டிக்லைன். வணக்கம் சொன்னவர்களைக் கண்டும் காணாததுபோல் போயிருந்தால் ஸ்னப் (snub). கேட்ட விலை நியாயமில்லை என்று கணக்கு காட்டி வாதாடியிருந்தால் ரிபட் (rebut). ஒலி ஒத்திருப்பதால் இதையும் ரிபஃப்பையும் மாற்றிப் போடுபவர்கள் அதிகம்.

தமிழில் 'முகத்தில் அடித்தாற்போல் மறுப்பது' கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். சிலர் 'தட்டிக்கழிப்பது' என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. "பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க" என்பதுதான் தட்டிக்கழிப்பது. ரிபஃப் வாங்கியவரை யாரும் அடுத்த வாரம் வரச் சொல்வதில்லை.