ஜிம்பாப்வே நோட்டு ஆல்பம்: மதிப்பை விட்டுட்டு தேதிப்படி அடுக்கினா என்ன தெரியுது

ஜிம்பாப்வே ஆல்பம் முக்கால்வாசி முடிஞ்சிருச்சு, இதுவரைக்கும் என்ன பண்ணேன்னு எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. நோட்டு சேர்க்கிறவங்ககிட்ட ஜிம்பாப்வேன்னு சொன்னா உடனே அந்த 100 ட்ரில்லியன் டாலர் நோட்டுதான் ஞாபகம் வரும், நம்ம கணக்குல கோடி கோடி, ஒண்ணு போட்டு பதினாலு சைபர், நீலக் கலர், பின்பக்கம் விக்டோரியா அருவியும் எருமையும். அது ஒண்ணை வாங்கி ஃப்ரேம் போட்டு மாட்டிட்டா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, எனக்கு அதுல திருப்தி இல்ல. அந்த நோட்டு வர்றதுக்கு முன்னாடி அஞ்சாறு வருஷம் ஜனங்க கையில என்னென்ன காகிதம் இருந்துச்சோ அதையும் சேர்த்துப் பார்த்தாதான் அங்க நடந்தது புரியும். அதுவும் இல்லாம 100 ட்ரில்லியன் நோட்டு இப்ப விலை ஏறிக் கிடக்கு, மத்ததெல்லாம் காயின் ஃபேர்ல டீலர் டேபிள் ஓரத்துல கட்டுக்கட்டா சீண்டுவார் இல்லாம கிடக்குது.

அடுக்குற முறைதான் பெரிய தலைவலி. சின்ன நோட்டு முன்னாடி பெரிய நோட்டு பின்னாடின்னு வழக்கமா வைப்போம் இல்லையா, இங்க அது எடுபடாது, ஏன்னா 2006 ஆகஸ்ட்ல மூணு சைபரை வெட்டினாங்க, அதாவது பழைய 1,000 டாலர் புது 1 டாலர் ஆச்சு, 2008 ஆகஸ்ட்ல பத்து சைபர், 2009 பிப்ரவரியில பன்னெண்டு, ஆக மொத்தம் 25 சைபர் போயிருக்கு. 2009-ல வந்த வெறும் 1 டாலர் நோட்டு அதுக்கு முந்தின மாசம் வந்த ட்ரில்லியனுக்குச் சமம். சரி, நோட்டுல அச்சடிச்ச வருஷத்தை வச்சு அடுக்கலாம்னாலும் ஆகாது, 2007-ன்னு போட்ட நோட்டு புழக்கத்துக்கு வந்ததே 2008 ஆகஸ்ட்ல, 2008-ன்னு போட்ட 100 ட்ரில்லியன் வெளிய வந்தது 2009 ஜனவரியில. அதனால ஜிம்பாப்வே ரிசர்வ் பேங்க் எப்ப வெளியிட்டதுன்னு ஒவ்வொண்ணுக்கும் தேடிப் பிடிச்சு அந்த வரிசையில வச்சேன், ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் சின்ன சீட்டு செருகி அந்த மாசம் நாட்டுல என்ன நடந்துச்சுன்னு பென்சில்ல எழுதியிருக்கேன்.

இதுல என்னை ரொம்ப நேரம் உட்கார வச்சது பேரர் செக்குங்கதான். 2003-ல கரன்சி தட்டுப்பாடு வந்தப்ப நோட்டுக்குப் பதிலா செக் மாதிரி ஒண்ணை அடிச்சு விட ஆரம்பிச்சாங்க. 2006 ஆகஸ்ட் 1 தேதியிட்ட 1 சென்ட் செக் ஒண்ணு என்கிட்ட இருக்கு, கசங்காம புதுசா இருக்கு, அதுல வெளியிட்ட தேதியும் இருக்கு, எந்தத் தேதிக்குள்ள செல்லும்னும் இருக்கு: 2007 ஜூலை 31. மாத்திரை அட்டையில எக்ஸ்பைரி போடுற மாதிரி பணத்துல எக்ஸ்பைரி தேதி. லென்ஸ் வச்சு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சம்பளமா வாங்குற காசுக்கு ஒரு வருஷம்தான் ஆயுசுன்னு அதை வெளியிடுற பேங்கே எழுதிக் கொடுக்குது, அதை வாங்கித்தான் ஜனங்க குடும்பம் நடத்தியிருக்காங்க.

அந்த 1 சென்ட்டுக்கு அப்புறம் பக்கத்தைத் திருப்பத் திருப்ப வேகம் கண்ணுக்கே தெரியுது. 2007 ஆகஸ்ட்ல 2 லட்சம், டிசம்பர்ல ரெண்டரை லட்சம், அஞ்சு லட்சம், ஏழரை லட்சம், 2008 ஜனவரியில 1 கோடி, ஏப்ரல்ல 5 கோடி, மே மாசம் 50 கோடி, அதே மே மாசத்துலயே விவசாயிங்களுக்குன்னு சொல்லி அக்ரோ செக்னு ஒரு புது வகை, 500 கோடியில தொடங்குது, ஜூலையில 10,000 கோடி டாலர் அக்ரோ செக். 1 சென்ட்டுல இருந்து இங்க வர ரெண்டு வருஷம்கூட ஆகல. அந்த 10,000 கோடியை வச்சு மூணு முட்டை வாங்கலாம்னு அப்ப உலகம் பூரா போட்டோ வந்துச்சு, ஆகஸ்ட் 1-ம் தேதி பத்து சைபரை வெட்டினதும் அதே செக் வெறும் 10 டாலர். அந்த ஜூலையில அரசாங்கமே சொன்ன பணவீக்கம் 23 கோடி சதவீதத்துக்கு மேல.

2007 ஜூலை சீட்டுல நான் எழுதியிருக்கிறது விலைக்குறைப்பு உத்தரவு பத்தி. எல்லா சாமானையும் பாதி விலைக்கு வித்தே ஆகணும்னு அரசாங்கம் கடைக்காரங்களை மிரட்டுச்சு, கொஞ்ச நாள்லயே கடை அலமாரியெல்லாம் காலி, மறுபடி நிரப்ப யாருக்குக் கட்டுப்படியாகும். ஒரு பக்கம் வெள்ளைக்கார விவசாயிங்க நிலத்தைப் பறிச்சதுக்கு அப்புறம் விவசாய ஏற்றுமதி படுத்துக்கிச்சு, இன்னொரு பக்கம் அரசாங்கச் செலவுக்கெல்லாம் கிடியோன் கோனோ தலைமையில ரிசர்வ் பேங்க் அச்சடிச்சுக் கொடுத்துக்கிட்டே இருந்துச்சு. 2008 ஜூலையில நோட்டுக் காகிதம் சப்ளை பண்ணிட்டு இருந்த ஜெர்மன் கம்பெனி கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் இனிமே தர மாட்டோம்னு நிறுத்திருச்சு, அப்பவும் அச்சடிக்கிறது நிக்கல.

2008 டிசம்பர் பக்கம்தான் இந்த ஆல்பத்துலயே கனமான பக்கம். நோட்டா பார்த்தா மில்லியன் பில்லியன்னு கலர் கலரா அழகா இருக்கும். அந்த மாசம் முதல் தேதி தண்ணி சுத்திகரிக்கிற கெமிக்கல் இல்லாம ஹராரே நகரத்துக்கு தண்ணி சப்ளையையே நிறுத்தினாங்க, காலரா பரவிட்டு இருந்த நேரம் அது, அந்தக் காலரா அடங்குறதுக்குள்ள 4,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க. பேங்க் வாசல்ல விடிய விடிய வரிசை, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம்னு லிமிட், எடுத்த காசு சில சமயம் வீட்டுக்குத் திரும்புற பஸ் டிக்கெட்டுக்கே பத்தாது. வாத்தியாருங்க வேலைக்குப் போறதை நிறுத்திட்டாங்க, போக்குவரத்துச் செலவே சம்பளத்தை விட ஜாஸ்தின்னா எப்படிப் போவாங்க. இதைப் பார்த்துட்டு யாராவது "சூப்பர், எல்லாரும் கோடீஸ்வரன்"னு சிரிச்சா எனக்கு நிஜமாவே கோவம் வரும். முப்பது வருஷம் வேலை பார்த்து பென்ஷன் சேர்த்து வச்சவங்களோட உழைப்பு மொத்தமும் இந்தக் காகிதத்துலதான் கரைஞ்சு போச்சு.

2015-ல பழைய டாலரை ஒரேயடியா ஒழிச்சப்ப கொடுத்த கணக்கையும் ஒரு சீட்டுல எழுதி வச்சிருக்கேன். பேங்க் அக்கவுன்ட்ல 175 குவாட்ரில்லியன் (175 போட்டு பதினஞ்சு சைபர்) வரைக்கும் இருந்தா 5 அமெரிக்க டாலர், கையில இருக்கிற 100 ட்ரில்லியன் நோட்டுக்கு 40 சென்ட். அதே நோட்டுக்கு நம்மள மாதிரி சேர்க்கிறவங்க அப்பவே அதை விடப் பல மடங்கு கொடுத்துட்டு இருந்தோம்.

வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம், போலி நிறைய சுத்துது. தங்கக் கலர்ல பளபளன்னு வர்றதெல்லாம் பொம்மை நோட்டு, அதைத் தொடவே வேணாம். அசல் 100 ட்ரில்லியன்ல ஜிம்பாப்வே பறவை சாய்ச்சுப் பார்த்தா கலர் மாறும், சாதாரண நோட்டோட சீரியல் ஏஏ-ன்னு ஆரம்பிக்கும், பாதுகாப்பு இழை தாளுக்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு வெளிய வரும், யூவி டார்ச் அடிச்சா ஒளிரும். அப்புறம் கவர் பிவிசி இல்லாததா பார்த்து வாங்குங்க, சென்னை ஈரப்பதத்துல பிவிசி கவருக்குள்ள நோட்டு ஒட்டிப் பிடிச்சுக்கும், நான் எல்லாத்தையும் மைலார் கவர்ல போட்டு பெட்டியில சிலிக்கா ஜெல் வச்சிருக்கேன்.

அடுத்து தொடங்கியிருக்கிறது 2009-க்குப் பிந்தின பகுதி. சொந்தக் கரன்சியை விட்டுட்டு அமெரிக்க டாலர்லயும் தென்னாப்பிரிக்க ராண்ட்லயும் பொழப்பு ஓடின காலம், அமெரிக்கச் சில்லறைக் காசு வரல, அதனால கடையில மீதிக்கு மிட்டாயும் பேனாவும் கொடுத்தாங்க, 1 டாலர் நோட்டு கை மாறி மாறி அழுக்கேறி அதைத் துணி மாதிரி துவைச்சுக் கொடியில காயப் போட்டாங்க. இதை ஆல்பத்துல எப்படிக் காட்டுறது, அதுக்குன்னு தனி நோட்டு எதுவும் இல்லையே, கடைசியில நல்லா அழுக்கேறின அமெரிக்க 1 டாலர் ஒண்ணையே வைக்கப் போறேன். அதுக்கப்புறம் அமெரிக்க டாலருக்குச் சமம்னு சொல்லி உள்நாட்டுல விட்ட 2014 பாண்ட் காயின், 2016 பாண்ட் நோட்டு, 2024-ல வந்த ஜிக்ங்கிற புது கரன்சி. பாண்ட் காயின் செட் கிடைச்சிருச்சு. அக்ரோ செக்ல 2,500 கோடி மட்டும் நல்ல கண்டிஷன்ல இன்னும் அமையல, தேடிட்டு இருக்கேன்.