1959 டேட்டோனா 500: மூன்று கார், இரண்டடி, 61 மணி நேரம்

ஸ்டாக் கார் பந்தயத்தின் (கடையில் விற்கும் கார்களைப் போன்றவற்றை ஓட்டும் பந்தயம்) பழைய படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் கண்ணில் இது கட்டாயம் பட்டிருக்கும். மூன்று கார்கள் பக்கத்தில் பக்கத்தில் கோட்டைக் கடக்கின்றன. மேலே 48, நடுவில் 42, கீழே 73. முதலில் பார்க்கிறவர் மூன்று பேருக்கும் போட்டி என்றுதான் நினைப்பார். உண்மையில் 48 எண் ஷெவர்லேயை ஓட்டிய ஜோ வெதர்லி சுற்றில் பின்தங்கியவர், கடைசியில் ஐந்தாம் இடம். வெற்றிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் யார் வென்றார் என்று எழுந்த அவ்வளவு குழப்பத்துக்கும் பாதிக் காரணம் அவர் அங்கே இருந்ததுதான்.

நாள் 1959 பிப்ரவரி 22, ஞாயிறு. ஃபுளோரிடாவில் டேட்டோனா பந்தயப் பாதை திறந்து நடந்த முதல் 500 மைல் பந்தயம். அதற்கு முந்தைய ஆண்டு வரை டேட்டோனா என்றால் கடற்கரை மணலும் ஏ1ஏ நெடுஞ்சாலையும் சேர்ந்த பாதை. மணல் வளைவில் கார் புதையும், அலை ஏறினால் பந்தயத்தை முடித்தாக வேண்டும். நாஸ்கார் என்ற ஸ்டாக் கார் பந்தய அமைப்பின் தலைவர் பில் ஃபிரான்ஸ் அதை விட்டுவிட்டு இரண்டரை மைல் நீளத்துக்குத் தார்ப்பாதை போட்டார். வளைவுகளில் 31 டிகிரி சாய்வு, முன் நேர்பாதையின் நடு வளைவில் 18 டிகிரி.

31 என்பது சும்மா வந்த எண் அல்ல. தார் போடும் இயந்திரம் அதற்கு மேல் சாய்வில் நிற்காது. 31-லேயே அது வழுக்கி இறங்கும் என்பதால், பொறியாளர் சார்லஸ் மணிபென்னி சாய்வின் உச்சியில் புல்டோசர்களை நிறுத்தி, அவற்றோடு தார் இயந்திரத்தைக் கட்டி இழுத்துப் பிடிக்கச் செய்தார். சாய்வை உயர்த்தத் தேவையான மண்ணை நடுத்திடலிலேயே தோண்டினார்கள். அந்தப் பகுதியில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அப்படி நிரம்பிய பள்ளம்தான் இன்றைக்கும் அங்கே இருக்கும் லாயிட் ஏரி.

இந்தச் சாய்வு காருக்கு என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளைவின் ஆரம் சுமார் 1,000 அடி. மணிக்கு 95 மைலில் போனால் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலேயே கார் வளைவைச் சுற்றும், சாய்வே அதைத் திருப்பிவிடும். 140 மைலில் போனால் பக்கவாட்டுத் தேவை 1.3 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பின் அளவு). அந்தக் காலத்து ஒல்லி டயரால் தட்டையான பாதையில் அது நடக்கவே நடக்காது. சாய்வு பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதால் டயர் தாங்க வேண்டியது 0.6 ஜி அளவுதான் மிச்சம். ஆனால் இதற்கு விலை உண்டு. வளைவுக்குள் காரின் எடை ஒன்றரை மடங்காகிறது. இரண்டு டன்னுக்குக் கிட்ட இருந்த கார் மூன்று டன் போல டயரை அழுத்தும், அதிலும் வலது முன் டயருக்குத்தான் அடி அதிகம். ரப்பர் சூடேறிக் கொப்பளிக்கும், பிறகு மேல்பட்டை உரியும். நிறைய சுற்றுகள் முன்னிலையில் இருந்த ஜாக் ஸ்மித்தை வீழ்த்தியது டயர்தான்.

இன்ஜின் கதை வேறு. மணல் பாதையில் வளைவு வந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார்கள், இன்ஜினும் மூச்சு வாங்கும். இங்கே கால் எடுக்கவே வேலை இல்லை. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் முழு வேகம். வால்வு ஸ்பிரிங் சோர்ந்துபோகும், எண்ணெய் கொதிக்கும், கேம்ஷாஃப்ட் தள்ளித் தள்ளி இயக்கும் பெட்ரோல் பம்ப் கைவிடும். பின்வரிசையிலிருந்து மளமளவென்று முன்னேறி முன்னிலை பிடித்த ஃபயர்பால் ராபர்ட்ஸின் போண்டியாக் நின்றது பெட்ரோல் பம்ப் கெட்டுத்தான். கன்வெர்ட்டிபிள் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த 21 வயது ரிச்சர்ட் பெட்டியின் இன்ஜின் எட்டே சுற்றில் போயிற்று. 59 கார்களில் அவருக்கு 57-ஆம் இடம்.

ஆம், அன்று கூரை உள்ள கார்களும் திறந்த கார்களும் ஒன்றாகவே ஓடின. கூரை இல்லாத கார் காற்றில் இழுபடும். இவ்வளவு நீளமான பாதையில் அதை எதாலும் ஈடுகட்ட முடியாது. திறந்த கார்களுக்கு அந்தப் பாதையில் எதிர்காலம் இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இனி வெற்றிக்கு மோதிய அந்த இரண்டு கார்கள். 42-ஆம் எண், லீ பெட்டியின் 1959 ஓல்ட்ஸ்மொபைல் சூப்பர் 88, 394 கன அங்குல இன்ஜின். ஓட்டுநருக்கு வயது 44. 73-ஆம் எண், அயோவாவிலிருந்து வந்த ஜானி போஷாம்ப் ஓட்டிய ஃபோர்டு தண்டர்பேர்டு. சார்லட்டில் ஹோல்மன்-மூடி பட்டறை பந்தயத்துக்கென்றே கட்டி விற்ற கார்களில் அது ஒன்று. உள்ளே 430 கன அங்குல லிங்கன் இன்ஜின், 350 குதிரைத்திறன். 1957-இல் அமெரிக்கக் கார் கம்பெனிகள் பந்தயத்திலிருந்து விலகுவதாகச் சேர்ந்து முடிவெடுத்திருந்தன. அதனால் ஃபோர்டு நேரடியாக வரவில்லை, ஹோல்மன்-மூடி போன்ற பட்டறைகள் வழியாக வந்தது. எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

பந்தயம் முழுக்க ஒரு மஞ்சள் கொடி, அதாவது ஆபத்து, வேகத்தைக் குறை என்ற எச்சரிக்கை, கூட இல்லை. இதைப் பலர் வியப்பாகச் சொல்வார்கள், அதன் விளைவைச் சொல்வதில்லை. மஞ்சள் கொடி வந்தால் கார்கள் ஒன்றுகூடும், பின்தங்கியவர் ஒட்டிக்கொள்வார். அது இல்லாததால் 59 கார்களும் சிதறிப்போயின. கடைசியில் முன்னிலைச் சுற்றில், அதாவது ஒரு சுற்றும் பின்தங்காமல், இருந்தவர்கள் இரண்டே பேர். மூன்றாம் இடத்துக்கு வந்த சார்லி கிரிஃபித் கூட அந்தச் சுற்றில் இல்லை. கடைசிக் கட்டத்தில் பெட்டியும் போஷாம்பும் மாறி மாறி முன்னே போனார்கள். ஒரு காரின் முதுகில் ஒட்டிப்போனால் காற்று எதிர்ப்பு குறையும், பிறகு சட்டென்று வெளியே வந்து முந்தலாம். டிராஃப்டிங் என்று இன்று சொல்லப்படும் இந்த வித்தையை ஓட்டுநர்கள் அந்த வாரம்தான் கைப்பழக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனியர் ஜான்சன் வேகம் குறைந்த ஷெவர்லேயை வைத்துக்கொண்டு இதே வித்தையால் 500-ஐ வென்றார்.

கடைசிச் சுற்றான 200-ஆம் சுற்றைத் தொடங்கும்போது பெட்டி முன்னால். கோட்டுக்கு வரும்போது போஷாம்ப் உட்பக்கம், பெட்டி நடு, வெளிப்பக்கம் வெதர்லி. சராசரி வேகம் மணிக்கு 135.521 மைல், மொத்தம் 3 மணி 41 நிமிடம் 22 விநாடி.

கோட்டருகே இருந்த ஃபிரான்ஸும் கொடி அசைத்தவரும் போஷாம்ப் என்றார்கள். அவர் வெற்றி மேடைக்கும் போய்விட்டார். பெட்டி ஒத்துக்கொள்ளவில்லை. தான் இரண்டடி முன்னால் என்றார் பெட்டி. தானும் இரண்டடி முன்னால் என்றார் போஷாம்ப். கோட்டருகே பார்த்த பத்திரிகைக்காரர்கள் பெரும்பாலும் பெட்டி பக்கம்.

இருவரும் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. 140 மைல் வேகத்தில் கார் விநாடிக்கு 205 அடி போகும். இரண்டடி என்பது விநாடியில் நூறில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய சிக்கல் நிற்கும் இடம். கோட்டுக்கு நேராக நிற்காமல், கார்கள் வரும் பக்கமாக 5 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வையுங்கள். கிட்டத்தில் உள்ள கார் உங்களிடமிருந்து 10 மீட்டர், அடுத்தது 13 மீட்டர். தூரத்துக் கார் உண்மையில் ஒன்றரை மீட்டர் முன்னால் இருந்தாலும் உங்கள் கண்ணுக்கு இரண்டும் சமம். அதாவது கிட்டத்துக் காருக்கு ஐந்தடி இலவசம். கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றால் அந்த ஐந்தடி தூரத்துக் காருக்குப் போகும். வழக்கே இரண்டடிக்கு! பார்வையாளர் மேடைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இன்னொரு தொல்லை: முதலில் தெரிவது வெதர்லியின் கார். அதன் மூக்கையும் பெட்டியின் மூக்கையும் பிரித்துப் பார்க்கவே ஒரு கணம் போய்விடும், அதற்குள் போஷாம்ப் கோட்டைக் கடந்திருப்பார்.

குதிரைப் பந்தயத்தில் இருப்பது போலக் கோட்டையே குறிவைத்த கேமரா இங்கே இல்லை. அதனால் ஃபிரான்ஸ் படம் கேட்டார், ஃபிலிம் கேட்டார். அசையாப் புகைப்படங்களில் டி. டெய்லர் வாரன் எடுத்தது முக்கியமானது. ஷட்டர் ஆயிரத்தில் ஒரு விநாடி திறந்தாலும் கார் இரண்டரை அங்குலம் நகர்ந்துவிடும். இரண்டடியைத் தீர்க்க அது போதும். ஆனால் மூக்குகள் கோட்டுக்கு முன்பா பின்பா என்ற கேள்வியும், படம் எடுத்தவர் நின்ற கோணமும் மிச்சம். ஹெர்ஸ்ட் செய்திப்படக் குழுவின் ஃபிலிம்தான் முடித்துவைத்தது. விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும் ஃபிலிமில் ஒரு சட்டத்திலிருந்து அடுத்ததற்குள் கார் எட்டரை அடி தாண்டும். சரியாகக் கோட்டில் ஒரு சட்டம் விழுவது அதிர்ஷ்டம். ஆனால் கோட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று இருந்தால், இரண்டிலும் யார் மூக்கு முன்னே என்று ஒப்பிடலாம். ஒற்றைப் படம் தராத உறுதி அது.

புதன்கிழமை, பிப்ரவரி 25, சுமார் 61 மணி நேரம் கழித்து, பெட்டிதான் வென்றார் என்று அறிவித்தார்கள். பரிசு 19,050 டாலர். செய்தித்தாள்களில் மூன்று நாள் பெயர் வர வேண்டுமென்றே ஃபிரான்ஸ் இழுத்தடித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் வியாபாரி, விளம்பரம் கசக்காது. ஆனாலும் அவரே போஷாம்ப் என்று அறிவித்தவர். தன் வாயால் சொன்னதை மாற்றுவதற்குக் கையில் சான்று வேண்டும் என்று காத்திருந்தார் என்பதே எனக்கு நம்பும்படி இருக்கிறது.

லீ பெட்டி தோற்றதாகச் சொன்னால் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. அதே ஆண்டு ஜூனில் அட்லாண்டாவின் லேக்வுட் பாதையில் மகன் ரிச்சர்ட் வென்றதாக அறிவித்தபோது, சுற்றுக் கணக்கு தப்பு என்று முறையிட்டார். கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள், வெற்றி அப்பாவுக்குப் போயிற்று. மகனின் முதல் வெற்றி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. 1961-இல் டேட்டோனா தகுதிப் போட்டியில் பெட்டியும் போஷாம்பும் மோதி, இரண்டு கார்களும் தடுப்பைத் தாண்டி வெளியே விழுந்தன. பெட்டி பலத்த காயத்தோடு பிழைத்தார், அதன் பிறகு சில பந்தயங்களே ஓட்டினார். போஷாம்ப் தலைக்காயத்தோடு பந்தயத்தை விட்டார்.