துண்டுப் பிரசுரத்தில் விட்டுப்போன பாட்டு

நம் திருநெல்வேலிக்காரர் சங்கத்து மலர்க் குழுவினர் கட்டுரை கேட்கும்போதே, அல்வாவும் தாமிரபரணிக் குளியலும் வேண்டாம், அதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். சரி, யாரும் எழுதத் தயங்குகிற ஒன்றை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இந்துப் பையன்கள் நாம் நிறையப் பேர் இந்தச் சங்கத்தில் இருக்கிறோம். மதம் பற்றிய பேச்சை மட்டும் விருந்துகளில் நாசூக்காகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

பள்ளியில் யாரும் நம்மை மதம் மாறு என்று வற்புறுத்தியதில்லை. கிறித்தவப் பையன்களுக்கு ஸ்கிரிப்சர் வகுப்பு, நமக்கு மாரல் வகுப்பு, அவ்வளவுதான். நெற்றி நிறையத் திருநீறோடு மேடையேறி பைபிளின் இருபத்து மூன்றாம் சங்கீதத்தை ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்கள் இந்த மலரை இப்போது புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் தமிழய்யா சாயர்புரம் பக்கத்துக்காரர், தாத்தா காலத்திலேயே கிறித்தவர்களான குடும்பம். கம்பனை எடுத்துவிட்டால் மணி அடித்தது அவர் காதில் விழாது. குகன் கதையை முடித்த கையோடு எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்குப் போய்விடுவார். பாடத்தில் நாலைந்து பாட்டுத்தான் இருக்கும். அவர் நாற்பது சொல்வார். கிருஷ்ணபிள்ளை நம்மூர்க்காரர். 1827இல் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858இல் கிறித்தவரானவர். ஜான் பன்யனின் ஆங்கிலக் கதையை எடுத்துக்கொண்டு, கம்பனின் சந்தத்திலும் ஆழ்வார்களின் உருக்கத்திலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களாக இயேசுவைப் பாடினார். நூல் 1894இல் வெளிவந்தது. கிறித்தவக் கம்பர் என்று அவருக்குப் பட்டப்பெயரே உண்டு. டவுனில் என் பெரியப்பா நெல்லையப்பரைக் கும்பிடாமல் காபி குடிக்காதவர். அவருக்கும் கிருஷ்ணபிள்ளையின் பாட்டுகள் மனப்பாடம். எங்கள் வீட்டில் யாருக்கும் அது உறுத்தியதே இல்லை. ஏன் உறுத்தவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை. அந்தத் துண்டுப் பிரசுரம் வந்த பிறகுதான் யோசித்தேன்.

காலம் அப்போது நன்றாக இல்லை. 1981 பிப்ரவரியில் தென்காசிப் பக்கம் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இஸ்லாத்துக்கு மாறி, டெல்லியில் இருந்தெல்லாம் தலைவர்கள் வந்து போனார்கள். அடுத்த வருடம் மார்ச்சில் கன்னியாகுமரிப் பக்கம் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் கலவரம், துப்பாக்கிச் சூடு. டீக்கடையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்கள். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் யாரோ என் கையில் திணித்துவிட்டுப் போன தாள் அது. யார் அச்சடித்தது என்பது இங்கே முக்கியமில்லை.

வேதங்கள் சொல்லும் படைப்புக் கடவுளான பிரஜாபதி இயேசுவே என்றது அந்தத் தாள். பலியாகிறவனுக்கு முள்முடி சூட்ட வேண்டும், கை கால்களில் ஆணி அடிக்க வேண்டும், எலும்பு முறியக் கூடாது, அவன் மறுபடி உயிரோடு எழ வேண்டும் என்றெல்லாம் ரிக் வேதமே விதித்திருக்கிறதாம். அதைப் பிராமணர்கள் மறைத்துவிட்டார்களாம். கீழே சம்ஸ்கிருத வரிகள் தமிழ் எழுத்தில், பிழைகளோடு.

பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, அலமாரியிலிருந்து, ரிக் வேதத்தில் யாகப் பலியைப் பாடும் புருஷ சூக்தத்தை உரையோடு எடுத்து, முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பத்தாம் மண்டலம், தொண்ணூறாம் சூக்தம், மொத்தம் பதினாறு பாட்டு. ஆயிரம் தலையும் ஆயிரம் கண்ணும் கொண்ட புருஷனைத் தேவர்கள் யாகப் பொருளாக்குகிறார்கள். வசந்தம் நெய், கோடை விறகு, சரத் காலம் அவிசு, அதாவது தீயில் இடும் படையல். அவன் மனதிலிருந்து சந்திரனும் கண்ணிலிருந்து சூரியனும் பிறக்கிறார்கள். பதினைந்தாம் பாட்டு வரைக்கும் விரலை வைத்துப் போனவர் நிமிர்ந்து, "லே, பசுவா கட்டுனாங்கன்னு இருக்கு. ஆணி எங்கலே இருக்கு?" என்றார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை தேடினார். எதிராளிக்கும் நியாயம் செய்துவிட வேண்டும் என்கிற தாலுகா ஆபீஸ் புத்தி.

அந்தத் தாள் முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். பிரஜாபதி தன்னையே யாகமாகத் தேவர்களுக்குக் கொடுத்தான் என்ற பேச்சு, யாகங்களை விளக்கும் சதபத பிராமணம் என்ற பழைய நூலில் இருக்கிறது. கல்கத்தாவில் கிருஷ்ண மோகன் பானர்ஜி என்ற கிறித்தவ அறிஞர் இப்படிப்பட்ட வரிகளை வைத்துத்தான் 1875இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். வேத யாகத்தின் நிறைவு கிறிஸ்துவே என்பது அவர் வாதம். ஏற்கிறோமோ இல்லையோ, அவர் மூலத்தைப் படித்தவர். ஆனால் அதே சதபத பிராமணத்தில் அந்தக் கதை எங்கே போகிறது? படைத்துப் படைத்துக் களைத்த பிரஜாபதி துண்டு துண்டாகச் சிதறிப்போகிறான். செங்கல் அடுக்கி அக்னி வேதி என்ற யாக மேடை கட்டுகிறவர்கள் அவனைத் திரும்பச் சேர்த்து எடுக்கிறார்கள். ஒவ்வொரு யாகத்திலும் மனிதன்தான் அவனை மீட்டெடுக்கிறான். பாவ மன்னிப்பு என்ற பேச்சே அங்கே இல்லை; அது வேறு கவலை, வேறு கேள்வி. முள்முடியும் ஆணியும் பிற்பாடு யாரோ சேர்த்தவை.

இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. மதுரைக்கு 1606இல் வந்து சந்நியாசிக் கோலம் பூண்ட இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி, தான் கொண்டுவந்ததை ஒரு வேதமாகவே அறிமுகப்படுத்தினார். பதினெட்டாம் நூற்றாண்டில் 'எசூர் வேதம்' என்று ஒரு கையெழுத்துப்படி கிளம்பி, பிரெஞ்சு அறிஞர் வோல்தேரே அதைப் பழைய இந்து நூல் என்று நம்பினார். பிறகு அது மிஷனரி கைவண்ணம் என்று வெளிப்பட்டது. நம் சாயர்புரத்தில் பணிசெய்த ஜி.யு. போப்பையர் 1886இல் குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது, வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறித்தவ போதகர்களோடு பேசியபடி நடந்திருக்கலாம் என்று முன்னுரையில் கற்பனை செய்தார். தமிழுக்கு அவ்வளவு செய்த மனிதர், அந்த ஒரு இடத்தில் ஆதாரம் இல்லாமல் நடந்திருக்க வேண்டாம். 1969இல் திருவள்ளுவர் கிறித்தவரா என்று கேட்டே ஒரு தமிழ் நூல் வந்தது. சைவ மடங்கள் அந்த வாதத்தைச் சும்மா விட்டுவிடவில்லை.

கிருஷ்ணபிள்ளை உறுத்தாததற்கும் அந்தத் தாள் உறுத்தியதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் கம்பனை எடுத்துக்கொண்டு, இதோ நான் கண்ட ஆண்டவர் என்று தன் பெயரில் பாடினார். கம்பன் கிறிஸ்துவைத்தான் பாடினான் என்று அவர் சொல்லவில்லை. தாள் சொல்வது வேறு: உன் ரிஷிகள் என் ஆண்டவரைத்தான் சொன்னார்கள், உனக்குத்தான் புரியவில்லை. விருந்துக்கு வந்தவர் பேச்சோடு பேச்சாக வீட்டுப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக் கேட்பது போன்றது. அப்புறம் மதம் மாறிவிட்டவனிடம் அந்த வேதத்தைப் படிக்கச் சொல்வார்களா என்றால், அதுவும் இல்லை.

ஆனால் இதைவிட என் மனதில் நிற்பது தமிழய்யா சொன்னது. மறுநாள் தாளை அவரிடமும் காட்டினேன். கிறித்தவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்ற கெட்ட ஆசை. படித்துவிட்டு, "பன்னெண்டாம் பாட்டை ஏன் விட்டுட்டாங்க?" என்று கேட்டார். வாயிலிருந்து பிராமணன், தோளிலிருந்து அரசன், தொடையிலிருந்து வைசியன், பாதத்திலிருந்து சூத்திரன் என்று சொல்லும் பாட்டு அது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க தாத்தாவைக் கோயில் வாசலோட நிறுத்துனாங்க தம்பி. அந்த அவமானம் தாங்காமத்தான் வேதக்கோயிலுக்குப் போனாரு. இவங்க என்னடான்னா அந்தப் பாட்டுக்குள்ளயே எங்க ஆண்டவரைக் கொண்டுபோய் உக்கார வைக்காங்க. இது உங்களுக்கும் மரியாதை இல்ல, எங்களுக்கும் மரியாதை இல்ல."

பெரியப்பாவின் வாதத்தை நான் எங்கேயும் எடுத்துச் சொல்ல முடியும். தமிழய்யா சொன்னதைச் சொல்ல வரும்போதெல்லாம் தொண்டை கொஞ்சம் இடறுகிறது. வேதத்தைக் காப்பாற்றக் கிளம்புகிற நம்மவர்களில் பலர் பன்னிரண்டாம் பாட்டு வரும்போது வேறு பக்கம் பார்க்கிறார்கள் என்பதும் உண்மைதானே.

என் பக்கத்து பெஞ்சில் இருந்தவனை மெஞ்ஞானபுரத்தான் என்றே கூப்பிடுவோம். இப்போது கனடாவில் சபை ஊழியம் செய்கிறான். போன கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு வாட்ஸப்பில் வந்த ஒரு தகவலை எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தான்: அதே பிரஜாபதி, அதே ஆணி, இந்தத் தடவை வண்ணப் படத்தோடு. "இன்னும் இதை விடலையாலே?" என்று அவனே கீழே எழுதியிருந்தான். நான் ஒரு பாட்டம் புலம்பியதும் விடாமல் திருப்பினான். இயேசு இமயமலையில் யோகம் படித்தார் என்று உங்கள் ஆட்கள் புத்தகம் போடவில்லையா? நோட்டோவிச் என்ற ரஷ்யர் லடாக் மடத்தில் பார்த்ததாக 1894இல் சொன்ன சுவடியை இன்னும் பிடித்துத் தொங்குகிறது யார்? அதுகூடப் போகட்டும், புத்தரைப் பெருமாளின் அவதாரக் கணக்கில் சேர்த்தீர்களே, பௌத்தர்களிடம் கேட்டுவிட்டா சேர்த்தீர்கள்?

லடாக் விஷயத்தில் அவன் சொல்வது சரி, அது நம் பக்கத்துத் துண்டுப் பிரசுரம். புத்தர் விஷயத்தில் வாதாடினேன். உள்ளே இழுத்துக்கொள்வது வேறு, வெளியே அழைத்துப் போவது வேறு என்றேன். "இழுக்கப்படுகிறவனுக்கு என்ன வித்தியாசம்?" என்று கேட்டான்.

பள்ளி நூலகத்துக்கு நம் சங்கம் இந்த வருடம் பணம் அனுப்பப்போகிறது. கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. ம.ரா. ஜம்புநாதன் தமிழில் பெயர்த்த வேதங்கள், பரிமேலழகர் உரையோடு குறள், நல்ல பதிப்பில் பைபிள், இவை எல்லாம் ஒரே அலமாரியில், பையன்கள் கை எட்டுகிற உயரத்தில் வேண்டும் என்று செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். மெஞ்ஞானபுரத்தான் தன் பங்கைக் கட்டிவிட்டான். இரட்சணிய யாத்திரிகமும் அதே அலமாரியில் இருக்க வேண்டும் என்பது அவன் நிபந்தனை. எனக்கு ஆட்சேபம் இல்லை. புத்தருக்கு மட்டும் இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறான்.