பால்ரஸ் பண்ணின வேலை

குன்னூரில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது பழைய சாமான்களோடு வந்து சேர்ந்தது இந்தக் குட்டி நீராவி இஞ்சின். 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுவது, ஒரு முழம்கூட நீளமில்லை. செம்பு பாய்லர், அடியில் ஸ்பிரிட் விளக்கு, இரண்டு பக்கமும் ஆடும் சிலிண்டர். சக்கரம் இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறியதும் சுழன்றுவிட்டது.

விளக்கைப் பற்றவைத்தால் அழுத்தமானியின் முள் அரை கிலோவை (சதுர செ.மீ.க்கு) தாண்டவே இல்லை. "இந்த உயரத்துல தண்ணி சீக்கிரம் கொதிச்சிடும், நீராவிக்கு வலு இருக்காது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நானும் நம்பினேன். குன்னூரில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதிக்கும்தான். ஆனால் மூடிய பாய்லரில் அழுத்தம் ஏற ஏற கொதிநிலையும் ஏறும். 2 கிலோவில் கடலோரத்துக்கும் நமக்கும் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். அட, நம் மலை ரயில் இஞ்சின் 12-க்கு 1 ஏற்றத்தில் நீராவியை வைத்துத்தானே ஏறி வருகிறது!

லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் காட்டினேன்.

"தம்பி, முதல்ல தண்ணி டெஸ்ட் பண்ணுங்க. நெருப்பெல்லாம் அப்புறம்."

சேஃப்டி வால்வைக் கழற்றி ஓட்டையை அடைத்து, காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் 4 கிலோ வரை ஏற்றினோம். ஓடும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. தண்ணீர் அமுங்காது என்பதால் எங்காவது விட்டுப்போனாலும் ஒழுகுவதோடு சரி. காற்றை அடைத்து அப்படி விட்டுப்போனால் வெடித்துவிடும். பத்து நிமிஷம் முள் அசையவில்லை. பாய்லர் மேல் பழி இல்லை.

அப்படியென்றால் கழற்றி வைத்த வால்வுதான். திருகிப் பார்த்தால் உள்ளே துருப்பிடித்த சைக்கிள் பால்ரஸ்! யாரோ அவசரத்துக்குப் போட்டிருக்கிறார்கள். துருவில் குழி விழுந்து, உட்காரும் இடத்தையும் சுரண்டியிருந்தது. எவர்சில்வர் பால்ரஸ் இரண்டு வாங்கினேன். பெரியவர் ஒன்றைப் பித்தளைத் துளைமேல் வைத்து, மேலே கட்டையை நிறுத்தி, சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. துளை விளிம்பில் தலைமுடி கனத்துக்குப் பளபளவென ஒரு வளையம் விழுந்தது. தட்டிய பால்ரஸைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றைப் போட்டார்.

இப்போது 2 கிலோவில் "ஸ்ஸ்" என்று திறக்கிறது, மூடவும் செய்கிறது. சிலிண்டர் முகத்தைக் கண்ணாடிமேல் பிராசோ விட்டு எட்டு போட்டுத் தேய்த்ததில் பக்கக் கசிவும் நின்றது.

போன ஞாயிறு மொட்டைமாடியில் ஓட்டிப் பார்த்தேன். காற்று தீயைச் சாய்த்துவிட்டது. தகரத் தடுப்பு வைத்தேன். விரலால் ஒரு தள்ளு தள்ளியதும் ஓடத் தொடங்கி ஒன்பது சுற்று வந்து நின்றது. திறந்து பார்த்தேன்: ஸ்பிரிட் தீர்ந்திருந்தது, பாய்லரில் இன்னும் தண்ணீர் கிடந்தது. அந்த வரிசையில்தான் தீர வேண்டும்.