35 வயதோடு நின்றுவிடும் தடகளச் சங்கங்கள்

தமிழ்நாடு அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் 2023 முதல் பள்ளி மாணவர்கள், கல்லூரி மாணவர்கள், மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர்கள், பொதுமக்கள் என ஐந்து பிரிவுகளாக நடைபெறுகின்றன. இவற்றில் பொதுமக்கள் பிரிவுக்கான வயது 15 முதல் 35 வரை. அரசு ஊழியர்களுக்கு வயது வரம்பு கிடையாது என்பதால், 50 வயதான ஓர் அலுவலக உதவியாளர் தம் மாவட்டத்துக்காக 100 மீட்டர் ஓடலாம். அதே வயதுடைய கொத்தனாரோ மளிகைக் கடைக்காரரோ விவசாயியோ ஓட முடியாது. அரசுப் போட்டியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இத்தனை பெரிய அளவில் பொதுமக்களை மைதானத்துக்கு அழைத்து வந்த போட்டி அது. ஆனால் அந்த 35 என்னும் எண், நம் ஊர்த் தடகளச் சங்கங்களின் மனத்திலும் எழுதப்படாத விதியாகப் பதிந்திருக்கிறது. உலக அளவில் மூத்தோர் தடகளம் தொடங்குவதே அந்த 35 வயதில்தான் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, நம் சங்கங்கள் எவ்வளவு பெரிய கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கின்றன என்பது புரியும்.

மாவட்ட அளவிலான தடகளப் போட்டிகளில் நடுவராக நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். 14, 16, 18, 20 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள் அடுக்கடுக்காக வரும், அதன்பின் வயது வரம்பற்ற பிரிவு, அதோடு முடிந்தது. வயது வரம்பற்ற பிரிவில் 45 வயதுக்காரரும் ஓடலாம்தான். ஆனால் 22 வயதுக் கல்லூரி மாணவனோடு அவரை ஓட வைத்துவிட்டு, எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுத்துவிட்டோம் என்று சொல்வது நியாயம் ஆகாது. 13 வயதுச் சிறுவனை 19 வயது இளைஞனோடு ஓட விடுவதில்லை. உடல் வளர்ச்சியில் இருக்கும் வேறுபாட்டை அங்கே மதிக்கிறோம். உடல் தளர்ச்சியில் இருக்கும் வேறுபாட்டையும் அதே போல மதிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மூத்தோர் தடகளம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, நாளிதழின் கடைசிப் பக்கத்தில் வரும் "சாதனைப் பாட்டி" செய்திதான். 2022-இல் பின்லாந்தின் தம்பெரே நகரில் நடந்த உலக மூத்தோர் தடகளப் போட்டியில், 94 வயதான பகவானி தேவி 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கமும் குண்டு எறிதலில் வெண்கலமும் வென்றபோது நாடே வியந்தது. 93 வயதில் ஓடத் தொடங்கி 101 வயதில் ஆக்லாந்தில் ஓடிய மன் கௌர் அம்மையாரையும் அப்படித்தான் வியந்தோம். அவர்கள் வியப்புக்கு உரியவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வியப்போடு நின்றுவிட்டால், 52 வயதில் 800 மீட்டருக்கு விடிகாலையில் முறையாகப் பயிற்சி செய்யும் ஓர் ஆசிரியரையோ ஓட்டுநரையோ நாம் பார்க்கவே மாட்டோம். மூத்தோர் போட்டியின் முதுகெலும்பு 35 முதல் 65 வயது வரை உள்ள இவர்கள்தான்.

இது பொழுதுபோக்குக்காக யாரோ புதிதாகக் கண்டுபிடித்த விளையாட்டும் அல்ல. மூத்தோருக்கான முதல் உலகப் போட்டி 1975-இல் கனடாவின் டொரண்டோவில் நடந்தது. இரண்டாவது போட்டி 1977-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்தபோது, அதற்கென்று உலக அமைப்பு ஒன்றும் உருவானது. ஐந்து ஆண்டுக்கு ஒரு பிரிவு என்று 35, 40, 45 எனத் தொடங்கி 100 வயதைத் தாண்டியும் பிரிவுகள் உண்டு. வயதுக்கு ஏற்ப எறியும் பொருள்களின் எடை குறையும்: ஆண்களுக்கு 50 வயது வரை 7.26 கிலோ குண்டு, 50-களில் 6 கிலோ, 60-களில் 5 கிலோ, 70-களில் 4 கிலோ, 80-க்கு மேல் 3 கிலோ. பெண்களுக்கு 50 வயது வரை 4 கிலோ, அதன்பின் 3 கிலோ, 75-க்கு மேல் 2 கிலோ. தடை ஓட்டத்தில் தடைகளின் உயரமும் இடைவெளியும் குறையும். மற்றபடி தவறான தொடக்கம், எல்லைக்கோட்டு மிதிப்பு, காற்றின் வேகம் எல்லாம் இளையோருக்கு உள்ள அதே கண்டிப்போடு பார்க்கப்படும். 2004-இல் கனடாவின் எட் விட்லாக் 73 வயதில் மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் ஓடி முடித்தார். நம் மாவட்டங்களில் நடக்கும் மாரத்தான்களில் இந்த நேரத்துக்குள் முடிக்கும் இளைஞர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தியாவில் மூத்தோர் போட்டிகள் நடக்காமல் இல்லை. ஆனால் அவை தாய்ச் சங்கங்களுக்கு, அதாவது தடகளத்தை நடத்தும் தேசிய, மாநில, மாவட்டச் சங்கங்களுக்கு வெளியே, தனி அமைப்புகளின் கீழ் நடக்கின்றன. 2025 நவம்பரில் ஆசிய மூத்தோர் தடகளப் போட்டி சென்னை நேரு விளையாட்டரங்கில் நடந்தது, நமக்கெல்லாம் பெருமையான நிகழ்வு. அதில் ஓடிய நம் ஊர்க்காரர்களுக்கு அடுத்த மாதம் தங்கள் சொந்த மாவட்டத்தில் ஓடுவதற்கு என்ன போட்டி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் விடை இல்லை. நுழைவுக் கட்டணம், ரயில் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் அவரவர் கைக்காசு. விடுப்பு எடுப்பதும் அவரவர் பாடு. இதில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் வெவ்வேறு பெயர்களில் தேசியப் போட்டிகள் நடத்துவதால், எது எதற்குத் தகுதிப் போட்டி என்று வீரர்களே குழம்புகிறார்கள். ஒரு விளையாட்டுக்கு ஒரு கூட்டமைப்பு என்று தேசிய விளையாட்டு நெறிமுறை சொல்வதைக் காட்டித் தாய்ச் சங்கங்கள் மற்ற விஷயங்களில் தங்கள் உரிமையை நிலைநாட்டுகின்றன. மூத்தோர் விஷயத்தில் மட்டும் "அது அவர்கள் வேலை" என்று ஒதுங்கிக்கொள்கின்றன. உரிமை கோருகிறவர்களுக்குப் பொறுப்பும் உண்டு.

மற்ற விளையாட்டுகளைப் பாருங்கள். உலக நீச்சல் கூட்டமைப்பே 25 வயதுக்கு மேற்பட்டோருக்கான உலகப் போட்டியை 1986 முதல் நடத்துகிறது. 2015 முதல் முதன்மை உலகப் போட்டி நடக்கும் அதே நகரத்தில், அதையொட்டியே நடத்திவருகிறது. உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு 35 வயதுக்கு மேற்பட்டோருக்கான உலகப் போட்டியைத் தானே நடத்துகிறது. சதுரங்கத்தில் உலக மூத்தோர் போட்டி 1991-இல் தொடங்கி, 2014 முதல் 50 வயது, 65 வயது என இரு பிரிவுகளாக நடக்கிறது. தடகளத்திலேயே அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் தேசியச் சங்கமே மூத்தோர் போட்டிகளை நடத்துகிறது. இங்கெல்லாம் இளையோருக்கான வளர்ச்சி இதனால் குன்றிப்போனதாகத் தெரியவில்லை.

எதிர்த்துச் சொல்லப்படுவனவற்றுள் முதலாவது பணம். மாவட்டச் சங்கங்களின் நிதி நிலைமை எனக்குத் தெரியும். கையில் இருக்கும் சிறு தொகையைக் கொண்டு பிள்ளைகளுக்குக் காலை உணவு தருவதா, பதக்கம் வாங்குவதா என்று தவிக்கும் செயலாளர்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இளையோருக்கான பணத்தில் ஒரு ரூபாயைக்கூட மூத்தோருக்குத் திருப்பிவிடக் கூடாது என்பதில் நானும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் மூத்தோர் கேட்பது பணம் அன்று. அவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம், தருவார்கள். அவர்களிடம் இல்லாதது அளந்து கோடு போட்ட ஓடுபாதை, தகுதி பெற்ற நடுவர்கள், நேரத்தைப் பதிவு செய்யும் ஏற்பாடு, சங்கத்தின் ஏட்டில் ஏறும் ஒரு முடிவுத்தாள். இவை அனைத்தும் இளையோர் போட்டிக்காக அன்று மைதானத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. 75 வயதைத் தாண்டிய பெண்களுக்கான 2 கிலோ குண்டு தவிர, புதிதாகக் குண்டு வாங்க வேண்டிய தேவைகூட இல்லை: 20 வயதுக்கு உட்பட்ட ஆண்கள் எறியும் 6 கிலோ குண்டுதான் 50 வயதுக்காரருக்கு, 18 வயதுக்கு உட்பட்டோரின் 5 கிலோதான் 60 வயதுக்காரருக்கு, பெண்களின் 4 கிலோதான் 70 வயதுக்காரருக்கு, 18 வயதுக்கு உட்பட்ட பெண்களின் 3 கிலோதான் 80 வயதுக்காரருக்கு. ஈட்டியிலும் பெரும்பாலும் இதே கதைதான். கூடுதலாகத் தேவைப்படுவது காலையில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவே.

இரண்டாவது, உயிருக்கு ஆபத்து என்னும் அச்சம். இதை நான் இலேசாக எண்ணவில்லை. பல ஆண்டுகள் ஓடாமல் இருந்துவிட்டுப் போட்டியன்று திடீரென முழு வேகத்தில் ஓடுபவருக்குப் பின்தொடைத் தசையும் குதிகால் நாணும் கிழிவது உண்டு. அறியப்படாத இதயநோய் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்தும் நேரலாம். ஆனால் அந்த ஆபத்துக்கு மருந்து போட்டியை நடத்தாமல் இருப்பதன்று. சங்கத்தின் பொறுப்பில் நடக்கும் போட்டியில் மருத்துவச் சான்று கேட்கலாம், ஆம்புலன்ஸ் நிற்கும், வெயில் ஏறுமுன் ஓட்டங்களை முடித்துவிடலாம். சங்கம் ஒதுங்கிக்கொண்டால் அதே மனிதர்கள் தண்ணீர்கூடச் சரியாகக் கிடைக்காத ஏதோ ஒரு தனியார் போட்டியில், பங்குனி வெயிலில், பகல் பதினோரு மணிக்கு ஓடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் போட்டி இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஆண்டு முழுவதும் பயிற்சி இருக்கும்; முறையான பயிற்சி உள்ளவருக்கே ஆபத்து குறைவு.

இந்த விஷயத்தில் என் மனத்தை அதிகம் உறுத்துவது பெண்களின் நிலை. பள்ளியில் படிக்கும்போது வட்டார, மாவட்டப் போட்டிகளில் ஓடிய பெண்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். திருமணத்தோடு அவர்களுடைய ஓட்டம் நின்றுவிடுகிறது. பலருக்குப் பத்தாம் வகுப்போடு, பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிள்ளைகள் வளர்ந்து, நாற்பதைத் தாண்டி, காலையில் ஒரு மணி நேரம் தனக்கென்று கிடைக்கும்போது, அவர்களில் சிலர் மைதானத்துக்கு நடைப்பயிற்சிக்கு வருகிறார்கள். ஓடுபாதையில் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வெளிப்பாதையில் நடப்பார்கள். அவர்களிடம் பேசிப் பாருங்கள்: தான் எந்த ஆண்டு எந்த ஊரில் 200 மீட்டரில் இரண்டாவதாக வந்தேன் என்பதைத் துல்லியமாகச் சொல்வார்கள். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. தசைக்கும் எலும்புக்கும் பளு கொடுக்கும் பயிற்சி அந்த வயதில்தான் அதிகம் தேவை. 65 வயதுக்கு மேற்பட்டோர் உடற்சமநிலைக்கும் தசைவலுவுக்குமான பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. மருத்துவர் சொல்வதால் மட்டும் ஒருவர் குண்டு எறியப் பழக மாட்டார். அடுத்த மாதம் போட்டி இருக்கிறது, சுடிதார் அணிந்து வந்தாலும் ஓடலாம், பெண் நடுவர் இருப்பார், உடை மாற்ற அறை உண்டு என்று சங்கம் அறிவித்தால் அவர்களில் பலர் வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

இங்கே வேறொன்றையும் சொல்ல வேண்டும். நம் மாநிலத்தில் அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. அது மிக நல்ல ஏற்பாடு. எத்தனையோ ஏழைக் குடும்பங்களைக் கரையேற்றியிருக்கிறது. ஆனால் அதன் நிழலில் வளர்ந்த ஒரு மனப்பழக்கம், விளையாட்டு என்பது வேலைக்கான படி, வேலை கிடைத்ததும் அதை விட்டுவிடலாம் என்பது. மாநில அளவில் பதக்கம் வென்றவர்கள் பணியில் சேர்ந்து பத்து ஆண்டுக்குள் மைதானத்துப் பக்கமே வராமல் போகிறார்கள். அவர்களோடு சேர்ந்து அவர்களின் அனுபவமும் வெளியேறிவிடுகிறது. நடுவர்கள் போதவில்லை, தன்னார்வப் பயிற்சியாளர்கள் கிடைக்கவில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் வருந்தும் சங்கங்கள், அந்த ஆள்களை முப்பதுகளின் நடுவில் தாங்களே அனுப்பிவிட்டதை உணர்வதில்லை. 45 வயதிலும் ஓடுகிறவர் மாலையில் மைதானத்தில் இருப்பார். இருப்பவரிடம்தான் பிள்ளைகளுக்குத் தொடக்கம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்க முடியும்.

மூத்தோர் போட்டிகள் மீது சொல்லப்படும் ஒரு குறையை மட்டும் நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். ஒரு பிரிவில் ஒருவரே ஓடித் தங்கம் வாங்குவதும், மூவர் மட்டும் வந்து மூவரும் பதக்கத்தோடு திரும்புவதும், ஊருக்கு வந்ததும் அதற்குச் சுவரொட்டி ஒட்டுவதும் இந்த விளையாட்டின் மதிப்பைக் கெடுக்கின்றன. பதக்கத்தையே வருமானமாகக் கொண்டு போட்டி நடத்துபவர்களும் இருக்கிறார்கள். இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஒருவரின் நேரத்தை அதே வயது, அதே பாலினத்துக்கான உலகத் தரத்தோடு ஒப்பிட்டு விழுக்காடாகச் சொல்லும் அட்டவணைகள் மூத்தோர் தடகளத்தில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. 60 விழுக்காடு உள்ளூர்த் தரம், 70 வட்டாரத் தரம், 80 தேசியத் தரம், 90 உலகத் தரம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். 60 விழுக்காட்டைத் தொடாதவருக்கு முதலிடத்தில் வந்தாலும் பங்கேற்புச் சான்று மட்டுமே என்று வைத்துக்கொள்ளலாம். ஆள் குறைவாக உள்ள பிரிவுகளைச் சேர்த்து ஒன்றாக ஓடவிட்டு, விழுக்காட்டின்படி இடம் கொடுக்கலாம். அப்போது 41 வயதுக்காரரை 63 வயதுக்காரர் நேர்மையாகவே வெல்ல முடியும். வேலைவாய்ப்பு, இடஒதுக்கீடு எதற்கும் இந்தச் சான்றுகள் செல்லாது என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டால், தவறான நோக்கத்தோடு வருபவர்களும் வர மாட்டார்கள்.

நான் உறுப்பினராக உள்ள சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். வரும் மாவட்டப் போட்டியின் முதல் நாள் காலை ஆறரை முதல் எட்டு மணி வரை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் 100 மீட்டர், 1500 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் ஆகிய நான்கு நிகழ்ச்சிகள் மட்டும். நுழைவுக் கட்டணத்திலேயே செலவு முடிய வேண்டும். மிச்சம் இருந்தால் அது இளையோர் நிதிக்குப் போக வேண்டும். கலந்துகொள்ளும் ஒவ்வொரு மூத்த வீரரும் அன்று பகலில் இளையோர் போட்டியில் இரண்டு மணி நேரம் உதவியாளராக நிற்க வேண்டும். கடைசி நிபந்தனையைச் சில நண்பர்கள் கடுமையானது என்கிறார்கள். மணல்குழியைச் சமன்செய்யவும், குண்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கவும், ஓடி முடித்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லாமல் ஒவ்வோர் ஆண்டும் திண்டாடுகிறோம் என்பதால், அதை மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.